கோதுமையைக் கடித்துப் பார்ப்பவர்

கோதுமை வயலின் முதல் துண்டு அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஹால்வர் தூங்கிக்கொண்டிருந்தபோது அறுபட்டது.

மதியத் தூக்கம் அந்த வீட்டின் சட்டம். ஹால்வரின் அப்பா நார்வேயிலிருந்து கப்பலேறியபோது கையோடு கொண்டுவந்தது ஒரு கோடரி, ஒரு வேதப் புத்தகம், இந்தத் தூக்கம், மூன்றே மூன்றுதான் என்று ஹால்வரின் மனைவி சிக்ருன் உயிரோடு இருந்தவரை கேலி செய்வாள். சாப்பிட்டதும் நாற்காலியில் சாய்ந்து இருபது நிமிடம். அறுவடை தலைக்கு மேல் இருந்தாலும், வானம் கறுத்து இடி இடித்தாலும் அந்த இருபது நிமிடத்தை ஹால்வர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது எண்பத்தேழு வயதில், ஆகஸ்டு மாதம் கம்பைன் என்கிற அறுவடை இயந்திரத்தின் ஏணியிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்ட இடுப்போடு, அந்த இருபது நிமிடம் இரண்டு மணி நேரமாக நீண்டுவிட்டது.

விழித்து, வாக்கரைப் பிடித்து எழுந்து, சமையலறை ஜன்னலுக்கு வந்தார். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தபோது ஜன்னலிலிருந்து தெற்கே கண்ணுக்கெட்டியவரை கோதுமை நின்றது. இப்போது கிழக்கு ஓரமாக ஐம்பது ஏக்கர் இல்லை. வெறும் அரிதாள்தான் வெயிலில் மினுங்கியது.

கிழவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அரிதாள் அப்படியே இருந்தது.

இந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நோர்வால் என்ற அந்த ஊர்ப் பக்கத்தில் உழைப்பு என்றால் ஹால்வர் பிரெக்கே என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். புல்கட்டியை வெட்டி அடுக்கிக் கட்டிய மண்வீட்டில் பிறந்தவர். மண் காற்றோடு பறந்துபோன அந்தப் பத்து வருடப் பஞ்சத்தில் பதினொரு வயதில் குதிரை பூட்டியவர். அதன்பிறகு எழுபத்தாறு அறுவடை. ஊரே காலியாகி, பள்ளிக்கூடத்தை இடித்து, ரயில் பாதையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனபிறகும், இந்த மே மாதம் தன்னந்தனியாக விதைத்தவர். பிடிவாதம் என்று மகள் சொல்வாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை.

அப்படிப்பட்டவர் கோட்டை மாட்டிக்கொண்டு, வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து, முற்றத்தைக் கடந்து போக அரை மணி நேரம் ஆயிற்று. முதலில் தன் கம்பைனைப் போய்த் தொட்டார். இயந்திரம் சில்லென்று கிடந்தது; புகைக்குழாய் வாயில் சிலந்தி கட்டியிருந்த வலை கிழியாமல் இருந்தது. அடுத்துத் தகரக் குதிரிடம் போனார். விரல் முட்டியால் கீழிருந்து தட்டிக்கொண்டே வந்தார். வெற்றுத் தகரம் டங் என்று பாடும். தானியம் இருக்கும் உயரம்வரை தொப்பென்று ஊமையாக இருக்கும். நேற்றுவரை அடியிலிருந்தே பாடிய குதிர் இன்றைக்கு அவர் இடுப்புவரை ஊமையாக இருந்தது.

வயலோரம்போய் அரிதாளைப் பார்த்தபிறகுதான் அவருக்கு உண்மையில் பயம் வந்தது.

விஷயம் தெரியாதவனுக்கு அரிதாள் வெறும் அரிதாள். தெரிந்தவனுக்கு அது கையெழுத்து. ஒருவன் எந்த உயரத்தில் அறுக்கிறான், மூலையில் எப்படித் திரும்புகிறான், கல்லைக் கண்டால் என்ன செய்கிறான் என்பது சாகும்வரை மாறாது. சாலையில் வண்டியில் போகும்போதே, இது இன்னார் அறுத்தது என்று ஹால்வர் சொல்லிவிடுவார். இங்கே தாள் மூன்று விரல் உயரம்தான் இருந்தது. மண்ணைச் சுரண்டி எடுத்தாற்போல் அறுத்திருந்தான் ஒருவன். அங்கங்கே கற்களின் தலையில் கத்தி உரசிய வெள்ளைக் கீறல்.

அப்படி அறுப்பவன் இந்த வட்டாரத்தில் ஒரே ஒருவன்தான் இருந்தான். மேத்ரோ ஹுட்சுலாக். அவனைப் புதைத்து இருபத்தைந்து வருடம் ஆகிறது.

மறுநாள் காலையில் மேத்ரோவின் மகள் ஸ்டெஃப்கா பீட்ரூட் சூப்போடு வந்தாள். அறுபது வயதுக்காரி, தபால் வண்டி ஓட்டுகிறாள். அவள், ஹால்வர், தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர் தம்பதி, இவ்வளவுதான் இன்றைய நோர்வால்.

"யார் மாமா அறுத்தது? கம்பெனிக்காரனுங்களா?" என்று வந்ததும் வராததுமாகக் கேட்டாள். சுற்றியுள்ள நிலமெல்லாம் ஒரு கம்பெனி கையில் இருந்தது. அவர்களிடம் போய் மாமாவுக்கு ஒரு நாள் உதவுங்கள் என்று கேட்டவளே அவள்தான். காப்பீட்டுப் பிரச்சினை வரும் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான்.

"கம்பெனிக்காரன் இப்படியா அறுப்பான்? போய்க் குனிஞ்சு பாரு."

அவள் போய்க் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. ஹால்வர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூன்று விரலைக் குவித்து, அவர்கள் சபை வழக்கப்படி வலது தோளை முதலில் தொட்டு, சிலுவை போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். சூப்பை அடுப்பில் வைத்தாள். கரண்டியைத் தேடினாள். எதிரிலேயே இருந்த கரண்டி அவள் கண்ணில் படவில்லை.

"தாள்ல விட்டுட்டுப் போறதெல்லாம் மாடு தின்ன வேண்டிய வைக்கோல்னு சொல்லுவாரு," என்றாள் கடைசியில்.

"உங்கப்பன் அறுத்தா ஒரு முயல் ஒளியறதுக்கு எடம் இருக்காது. கத்தி உடையும், கல்லைத் திட்டுவான், மறுபடி அப்படியேதான் அறுப்பான்."

"மாமா, நீங்களே தூக்கத்துல எழுந்துபோய்..."

"கக்கூசுக்குப் போகவே எனக்குப் பத்து நிமிஷம் ஆகுது. ஐம்பது ஏக்கரா?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. சூப்பை ஊற்றி வைத்துவிட்டு, கதவைத் தாழ் போட்டுக்கொள்ளச் சொன்னாள். பகல் பதினொரு மணிக்கு அந்த ஊரில் யாரும் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

அன்று தூங்கக் கூடாது என்று ஹால்வர் கறுப்புக் காபியை இரண்டு கோப்பை குடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே கண் செருகிவிட்டது. விழித்தபோது மணி இரண்டரை. வயலின் நடுப்பகுதியும் போய்விட்டிருந்தது.

இந்த முறை தாள் முழங்கால் உயரம். நான்கு மூலையிலும் நான்கு கொத்து அறுபடாமல் நின்றது. அன்ஸ்கார் மோ. மூலையில் வண்டியைத் திருப்பச் சோம்பல்பட்டு வட்டமடித்துவிட்டு, கேட்டால் கவுதாரிக்கு விட்டேன் என்று புண்ணியவான் போலப் பேசுவான். வியாழக்கிழமை மேற்கு ஓரம். வரிசைகள் பாம்பு போன தடமாக நெளிந்திருந்தன. அது தோலெஃப், காலைச் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு வாய் ஊற்றிக்கொள்பவன். இரண்டு பேருமே தேவாலயத்துக்குப் பின்னால் படுத்திருக்கிறார்கள். இரண்டு பேருடைய பெட்டிக்கும் ஹால்வர் தோள் கொடுத்திருக்கிறார்.

அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. பயம் போகவில்லை, ஆனால் புரிந்துவிட்டது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அறுவடைக்கு முன்னால் ஒருவன் செத்துவிட்டால், அல்லது எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டால், மொத்த வட்டாரமும் ஒரே நாளில் அவன் வயலுக்கு வரும். அவரவர் இயந்திரம், அவரவர் எண்ணெய். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. யாரும் நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். எல்லாவற்றையும் அறுத்துவிட்டு, கடைசி ஒரு சுற்றை மட்டும் நிறுத்திவிடுவார்கள். அது அந்த வீட்டுக்கானது. மகனோ, மனைவியோ ஏறி ஓட்டி முடிக்க வேண்டும். சிக்ருன் புற்றுநோயில் கிடந்து ஹால்வர் நகர ஆஸ்பத்திரியே கதியென்று இருந்த வருடம், இதே வயலுக்கு ஒன்பது கம்பைன்கள் வந்தன. ஹால்வர் தன் ஆயுளில் இப்படிப் பத்தொன்பது வயல்களுக்குப் போயிருக்கிறார். மேத்ரோவின் வயலுக்கு, அன்ஸ்காரின் வயலுக்கு, தோலெஃபின் வயலுக்கு.

வர வேண்டியவர்கள் வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மகள் பெரித் கால்கரி நகரத்திலிருந்து போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, அறுக்க ஆள் பிடிச்சுட்டேன். இருபதாம் தேதி வந்துடுவாங்க."

"இருபதாம் தேதிக்கு முன்னாடி பனி வந்து அறுத்துட்டுப் போயிடும்."

"அப்ப போகட்டும்பா. ஒரு வருஷக் கோதுமை. உங்க உசிரா அது?"

தெற்கு வயல் முடிந்துவிட்டது என்று ஹால்வர் சொல்லவில்லை. யார் முடித்தது என்று கேட்டால் என்ன சொல்வது? வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார். அவர் யோசனையெல்லாம் மீதி இருந்த நாற்பது ஏக்கரின் மேல் இருந்தது.

அது காற்றுத் தடுப்பு மரங்களுக்கு அப்பால், குட்டையை ஒட்டிய நிலம். ஐம்பது வருடமாக அவர் நிலம்தான். ஆனால் அந்த ஊரில் நிலம் வாங்கினவன் பெயரில் ஓடாது. விட்டுப்போனவன் பெயரில்தான் ஓடும். ஹால்வரே அதைச் செர் நிலம் என்றுதான் சொல்வார். காட்லீப் செர் என்கிற ஜெர்மன்காரனின் நிலம். அங்கே கோதுமையின் ஒரு கதிரைக்கூட யாரும் தொட்டிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமையும் தொடவில்லை. ஹால்வர் வேண்டுமென்றே தூங்கிப் பார்த்தார். எழுந்து, மரவரிசைவரை வாக்கரை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். கோதுமை நின்றது. அது காற்றில் அசையாமல் இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. மற்ற இடத்திலெல்லாம் காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது.

ஸ்டெஃப்கா நான்கு மணிக்குத் தபாலோடு வந்தாள். "நாளைக்குச் சாயங்காலம் பனின்னு ரேடியோவுல சொல்றான் மாமா. முப்பது சென்டிமீட்டராம். இந்தப் பனி இனி கரையாதுங்கறான்."

"சனிக்கிழமை."

"ஆமா, சனிக்கிழமை. அதுக்கென்ன?"

கிழவர் மேஜைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரை நூற்றாண்டு மூடி வைத்திருந்ததை அந்தப் பெண்ணிடம் சொல்வோம் என்று அவர் நினைத்ததே இல்லை. ஆனால் சொல்ல வேறு யாரும் மிச்சமில்லை.

"ஐம்பத்தொன்பதுல செர் வெட்டின வாய்க்கால் ஞாபகம் இருக்கா உனக்கு? நீ சின்னப் புள்ள."

"கேள்விப்பட்டிருக்கேன்."

"அவன் குட்டையை வடிக்கறேன்னு வெட்டினான். தண்ணியெல்லாம் என் வயலுக்கு வந்து, முளைச்ச முப்பது ஏக்கர் அழுகிப்போச்சு. கேக்கப் போனேன். தண்ணிக்கு வேலி தெரியாதுன்னு சொல்லிச் சிரிச்சான். ஆகஸ்டுல அவன் இடது கை மெஷின் பெல்ட்டுல மாட்டிக்கிச்சு. முழங்கையோட போச்சு."

"அவர் இடது கைப் பழக்கம்னு அம்மா சொல்லுவாங்க."

"எல்லாமே இடதுதான். நாங்கல்லாம் வயலை வலமா சுத்துவோம், அவன் இடமா சுத்துவான். சைத்தான் சுத்தறமாதிரி சுத்தறான்னு நான்தான் பேர் வச்சேன். ஊரே சிரிக்கும்."

பிறகு அந்த அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னார். வழக்கப்படி எல்லோரும் செர் வயலில் கூடினார்கள். மேத்ரோ, அன்ஸ்கார், தோலெஃப், இன்னும் ஏழெட்டுப் பேர். அந்தக் காலத்தில் தானியம் காய்ந்ததா என்று பார்க்கக் கருவி கிடையாது. ஒரு மணியை வாயில் போட்டுக் கடிக்க வேண்டும். காய்ந்திருந்தால் டக்கென்று உடையும். ஈரமாக இருந்தால் பசையாக நசுங்கும். ஈரத்தோடு அறுத்துக் குதிரில் கொட்டினால் சூடேறி வெந்து நாறிவிடும். எல்லோருக்கும் பல் இருந்தது. ஆனால் ஹால்வர் பல்தான் தப்பாது என்று ஊர் வைத்திருந்தது. அவர் கடித்துச் சொல்லாமல் யாரும் இயந்திரத்தைக் கிளப்பமாட்டார்கள். செர் மனைவி ரோசினா கதிரைக் கசக்கி, உள்ளங்கையில் பத்துப் பதினைந்து மணிகளோடு வந்து கையை நீட்டினாள்.

"கடிச்சேன். டக்குனு உடைஞ்சுது. சலசலன்னு காஞ்சிருந்துது ஸ்டெஃப்கா. அப்ப அந்த வாய்க்கால் என் கண்ணுல பட்டுது. இன்னும் ஈரம் இருக்கு, திங்கக்கிழமை பாக்கலாம்னு சொன்னேன்."

ஸ்டெஃப்கா தபால் கட்டை மேஜையோரம் தள்ளி வைத்தாள்.

"ஒரு நாலு நாள் தவிக்கட்டும்னுதான் நினைச்சேன். அதுக்குமேல நினைக்கல. சனிக்கிழமை பனி கொட்டுச்சு. வசந்தம்வரைக்கும் போகல. மொத்தக் கோதுமையும் அதுக்கடியில மக்கிப்போச்சு. அடுத்த வருஷம் வித்துட்டு மேற்க போனாங்க. இரண்டு வருஷத்துல அவன் செத்துட்டான்னு சேதி வந்துது. யாருக்கும் தெரியாது. சிக்ருனுக்கும் தெரியாது. உனக்குத்தான் சொல்றேன்."

ஸ்டெஃப்கா தன் கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அவள் முகம் இறுகியிருந்தது. ஆனால் அது இன்றைக்கு வந்த கோபமாகத் தெரியவில்லை.

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். ரோசினா அத்தை ஊரைவிட்டுப் போறப்ப எங்க வீட்டுக்கு வந்தாங்க. நீங்க கடிச்சப்புறம் கையில மிச்சம் இருந்த மணியை அவங்களும் வாயில போட்டுக்கிட்டாங்களாம். உடைஞ்சுதாம். அம்மாகிட்ட சொல்லி அழுதாங்க. அம்மா அப்பாகிட்ட சொன்னாங்க. அப்பா தோலெஃப்கிட்ட சொன்னாரு. தோலெஃப்கிட்ட சொன்னா அப்புறம் ஊருக்குத் தனியா சொல்லணுமா?"

ஹால்வருக்குப் பேயறைந்தாற்போல் ஆகிவிட்டது. ரோசினா அந்த மணியை வாயில் போட்டதை அவர் பார்த்திருந்தார். சும்மா போட்டுக்கொள்கிறாள், கையில் இருந்தால் யாரும் போட்டுக்கொள்வார்கள்தானே என்று ஐம்பது வருடம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

"என்கிட்ட ஒருத்தனும் ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு அப்பா சொன்னாரு. பக்கத்துல பக்கத்துல வாழணும். ஆனா அதுக்கப்புறம் யாராவது உங்ககிட்ட மணியைக் கடிக்கச் சொல்லி வந்தாங்களா? யோசிச்சுப் பாருங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். அறுபதாம் வருடம் விவசாயிகள் கூட்டுறவுக் கடையில் ஈரம் பார்க்கும் கருவி வாங்கி வைத்தார்கள். காலம் மாறிவிட்டது, பல்லுக்கு வேலையில்லை என்று நினைத்துக்கொண்டார். செர் நிலம் ஏலத்துக்கு வந்த நாளில் அவரைத் தவிர ஒருவரும் வாய் திறக்கவில்லை. கையில் காசில்லை பாவம் என்று நினைத்துக்கொண்டார். அவர்களுக்குக் காசு இருந்திருக்கிறது. அந்த மண்ணைத் தொட மனமில்லாமல் இருந்திருக்கிறது. அப்படியும் அந்த மனிதர்கள் சிக்ருன் கிடந்த வருடம் ஒன்பது கம்பைன்களோடு வந்தார்கள். தேவாலயத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். அவரோடு காபி குடித்தார்கள்.

எண்பத்தேழு வயதுக் கிழவர் மேஜைமேல் தலையைச் சாய்த்து அழுதார். ஸ்டெஃப்கா தேற்றவில்லை, எழுந்து போகவும் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

போகும்போது, "செர் வருவாருன்னு எதிர்பாக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"வரமாட்டான். எதுக்கு வரணும்? அந்த நாற்பது ஏக்கரும் பனிக்குள்ளதான் போகும். போகட்டும். அதுதான் சரி."

"நாளைக்கு மதியம் வர்றேன். தனியா எங்கயும் போகாதீங்க."

சனிக்கிழமை பதினொரு மணிக்கெல்லாம் மூடுபனி வந்துவிட்டது. முற்றத்தில் நின்றால் குதிர் தெரியவில்லை. ஹால்வர் மீதமிருந்த சூப்பைச் சூடுபண்ணிக் குடித்தார். நாற்காலியைப் பார்த்தார். அறுபது வருடத்தில் முதல்முறையாக, தூங்காமல் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மரவரிசையைத் தாண்டினதும் வாக்கர் ஒரு எலி வளையில் சிக்கிக்கொண்டது. விட்டுவிட்டு நடந்தார். வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். செர் நிலத்தின் ஓரத்துக்கு வந்தபோது அங்கே தான் தனியாக இல்லை என்று தெரிந்தது. எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் எண்ணெய் வாடை, குதிரை வியர்வை வாடை, தோலெஃபின் சாராய வாடை எல்லாம் மூடுபனிக்குள் நின்றன. யாரோ இருமினார்கள். மேத்ரோவின் இருமல் அது. அவன் நுரையீரலில் ஆயுள் முழுக்க வைக்கோல் தூசிதான். நிறையப் பேர் சத்தமில்லாமல் எதற்காகவோ காத்து நின்றார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை இதே இடத்தில் இப்படித்தான் நின்றார்கள்.

எதிரே மூடுபனியிலிருந்து ஒரு கை நீண்டது. சட்டைக் கை முழங்கைக்கு மேலே மடித்திருந்தது. உள்ளங்கையில் பத்துப் பதினைந்து கோதுமை மணிகள். கட்டைவிரல் இருந்த பக்கத்தைப் பார்த்ததும் ஹால்வருக்குத் தெரிந்துவிட்டது. அது இடது கை.

அவருக்கு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. ஓடுகிற இடுப்பா அது? ஒரு மணியை எடுத்தார். எடுக்கும்போது அந்தத் தோல் பட்டது. கிணற்றுக் கல்லைத் தொட்டது போலச் சில்லென்றிருந்தது. மணியை வாயில் போட்டார். அவர் வாயில் இப்போது இருப்பது சொந்தப் பல் இல்லை, பல்செட். அது எந்தக் கோதுமையையும் கடித்துத் தீர்ப்புச் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடித்தார்.

டக்கென்று உடைந்தது. மூடுபனிக்குள் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

"காஞ்சிருக்கு," என்றார் ஹால்வர். எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னார். "காஞ்சிருக்கு காட்லீப். அன்னைக்கும் காஞ்சுதான் இருந்துது. நான் பொய் சொன்னேன்."

அந்தக் கை மெல்ல மூடி உள்ளே போயிற்று. சற்றுப் பொறுத்து, வயலின் அந்தக் கோடியில் ஒரே ஒரு இயந்திரம் இருமிக் கிளம்பியது. மற்றவர்கள் அசையவில்லை. நாற்பது ஏக்கரையும் அந்த ஒன்றேதான் அறுத்தது. ஹால்வர் அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் அவருக்கு இடமிருந்து வந்து, வலப்பக்கம் போய், சுற்றிக்கொண்டு மறுபடி இடமிருந்து வந்தது. காட்லீப் மாறவே இல்லை. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. சத்தம் நின்றபோது மூடுபனி விலகத் தொடங்கியிருந்தது.

வயல் முடிந்திருந்தது. நடுவில், ஒரு கம்பைன் ஒருமுறை சுற்றிவரும் அகலத்துக்குக் கோதுமை நின்றது. கடைசிச் சுற்றை விட்டிருந்தார்கள்.

அது யாருக்கு விடப்படும் என்பது அவருக்குத் தெரியும். எப்போது விடப்படும் என்பதும் தெரியும். வீட்டில் ஏறி ஓட்ட மகன் இல்லை, மனைவி இல்லை. ஹால்வர் கல்லிலிருந்து எழுந்து, மரவரிசை வழியாக முற்றத்துக்கு வந்து, தன் பழைய கம்பைனின் ஏணியில் கால் வைத்தார். இரண்டாவது படியில்தான் கவனித்தார், இடுப்பு வலிக்கவில்லை. வாக்கரை எங்கே விட்டோம் என்று ஒரு கணம் யோசித்தார். இனி அதற்கு அவசரமில்லை என்று மேலே ஏறினார்.

ஏறியதும் சமையலறை ஜன்னல் தெரிந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவருடைய நாற்காலியில், அவருடைய சட்டையோடு யாரோ தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மேஜைமேல் சூப்புக் கிண்ணம் இருந்தது. ஹால்வர் அங்கே அதிக நேரம் பார்க்கவில்லை. ஸ்டெஃப்கா மதியம் வருவதாகச் சொல்லியிருந்தாள். வந்தால் அவள் பார்த்துக்கொள்வாள்.

இயந்திரம் முதல் முயற்சியிலேயே கிளம்பியது. முதல் பனித்துகள் கண்ணாடியில் வந்து ஒட்டியது. செர் நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்து, நின்ற கோதுமையின் முனையில் நிறுத்தினார். மரங்களின் கீழே அவர்கள் எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேத்ரோ, அன்ஸ்கார், தோலெஃப், அவர்களிடமிருந்து சற்றுத் தள்ளி ஒற்றை ஆளாக காட்லீப். ஹால்வர் நன்றி சொல்ல வாயெடுத்தார். வழக்கம் நினைவுக்கு வந்து, தொப்பியை மட்டும் தொட்டுக்கொண்டார்.

எழுபத்தாறு அறுவடையும் அவர் வலமாகச் சுற்றியவர். இப்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, சைத்தான் சுற்று என்று தானே பேர் வைத்த அந்த இடச் சுற்றில் வண்டியை விட்டார். தள்ளி நின்ற ஒற்றை ஆள் மரத்தடியைவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்து, அவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.